மணலிலும் ஓடணும், ஹைவேயிலும் பறக்கணும்! வளைகுடா டிரைவர்களே, டயர் விஷயத்தில் உஷார்

ராமநாதபுரம்,

வளைகுடா நாடுகளுக்கு டிரைவர் வேலைக்குப் போனவர்கள் நம்ம மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கீழக்கரை, தொண்டி, பரமக்குடி பக்கம் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் சவுதியில் பிக்-அப் ஓட்டியவர், துபாயில் சபாரி வண்டி ஓட்டியவர் என்று ஒருவராவது பேச்சுக்கு வந்துவிடுவார்.

அங்கே அவர்கள் ஓட்டும் வண்டிகளுக்கு டபுள் டூட்டி. காலையில் தார் ரோட்டில் 120, 140 கிலோ மீட்டர் வேகம். மதியம் கணுக்கால் புதையும் மணல். சாயங்காலம் மறுபடியும் தார் ரோடு. இரண்டுக்கும் அதே நாலு டயர்தான்!

இதற்காகவே விற்கப்படுவதுதான் 'ஆல் டெரெய்ன்' டயர். சுருக்கமாக ஏ.டி. டயர். எல்லாத் தரையிலும் ஓடும் என்று அர்த்தம். ஆனால் கடையில் போய் 'ஏ.டி. டயர் நாலு கொடு' என்று கேட்டு வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. எந்த ஏ.டி., எந்த வருஷத்து டயர், அதில் எத்தனை பவுண்டு காற்று என்பதில்தான் டிரைவரின் உயிரே இருக்கிறது.

முதலாளி பணத்தைக் கொடுத்து, 'டயர் மாத்திட்டு வா' என்று அனுப்பிவிடுவார். வெடித்தால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது முதலாளி இல்லை!

270 உயிரைக் குடித்த டயர்

இது சும்மா பயமுறுத்தும் பேச்சு இல்லை. உலகத்தையே உலுக்கிய ஒரு டயர் விவகாரத்தில் முதல் எச்சரிக்கை மணி அடித்ததே அரபு நாட்டில்தான்.

1990-களில் அமெரிக்காவின் போர்டு கம்பெனி 'எக்ஸ்புளோரர்' என்ற உயரமான வண்டியை விற்றது. அதில் மாட்டி வந்தது பயர்ஸ்டோன் கம்பெனியின் ஏ.டி.எக்ஸ்., வில்டர்னஸ் ஏ.டி. டயர்கள். பெயரிலேயே ஏ.டி. இருக்கிறது பாருங்கள்.

சவுதி அரேபியாவில் இந்த வண்டிகள் வெயிலில் வேகமாகப் போகும்போது, டயரின் மேல் பட்டை தோல் உரிந்த மாதிரி தனியாகக் கழன்று பறந்தது. வண்டி தலைகுப்புற உருண்டது. புகார் குவியவே, 1999-ல் சவுதியிலும் பக்கத்து நாடுகளிலும் டயரை மாற்றித் தர ஆரம்பித்தது போர்டு.

அமெரிக்காவில் விஷயம் வெடிக்க மேலும் ஒரு வருஷம் ஆனது. 2000 ஆகஸ்டு 9-ந்தேதி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக பயர்ஸ்டோன் அறிவித்தது. முதலில் டயர் மாற்றிக் கொடுத்தது எங்கே தெரியுமா? அரிசோனா, கலிபோர்னியா, புளோரிடா, டெக்சாஸ். எல்லாமே வெயில் கொளுத்தும் மாநிலங்கள்! மொத்தத்தில் அமெரிக்காவில் மட்டும் இந்த டயர் விபத்துகளில் 270-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

டயரில் தயாரிப்புக் கோளாறு இருந்தது உண்மை. கூடவே இன்னொரு சண்டையும் வெளியே வந்தது. இந்த டயரில் 26 பவுண்டு காற்று போதும் என்று வண்டிக் கம்பெனி சொல்லியிருந்தது. 30 பவுண்டு வேண்டும் என்றது டயர் கம்பெனி. நாலே நாலு பவுண்டு வித்தியாசம்! அதற்காக இரண்டு பெரிய கம்பெனிகளும் ஒன்றை ஒன்று கைகாட்டி, 2001-ல் கிட்டத்தட்ட நூறு வருஷ உறவையே முறித்துக் கொண்டன.

இந்தக் களேபரத்துக்குப் பிறகு வந்த சட்டத்தால்தான் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும் கருவி 2007 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் எல்லாப் புது கார்களுக்கும் கட்டாயம் ஆனது. இன்று வளைகுடாவில் ஓடும் பல வண்டிகளிலும் அந்த விளக்கு இருக்கிறது. 'அது எப்பவும் எரியும், கண்டுக்காதே' என்று அலட்சியமாக இருப்பவர்களும் இருக்கிறார்கள்!

காற்று குறைந்தால் ஏன் சூடு?

டயர் என்பது வெறும் ரப்பர் இல்லை. உள்ளே எஃகுக் கம்பி வலை, அதற்கு மேல் ரப்பர் என்று அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். தரையைத் தொடும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிரும். பிராடோ, ஹைலக்ஸ் வண்டிகளில் வரும் சாதாரண அளவு டயர் ஒரு சுற்றுக்கு சுமார் இரண்டரை மீட்டர் உருளும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 120-ல் போனால் ஒரு நிமிஷத்துக்கு 800 தடவைக்கு மேல் நசுங்கி நிமிர்கிறது!

ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் சூடாகி, கடைசியில் முறிகிறது இல்லையா? அதே கதைதான். காற்று குறைந்த டயர் அதிகமாக நசுங்கும், அதிகமாகச் சூடாகும். வெளியே 45 டிகிரி வெயில். தார் ரோடு அதைவிடக் கொதிக்கும். கம்பியும் ரப்பரும் ஒட்டிய இடம் விட்டுப்போகிறது. அப்புறம் டமார்!

சரி, காற்று குறைவதுதான் ஆபத்து என்றால் எப்போதும் ஃபுல்லா வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அங்கேதான் மணல் குறுக்கே வருகிறது.

மணலில் எல்லாமே தலைகீழ்

மணலில் வண்டி எப்படிப் புதையும் என்பதை ராமேசுவரம் ஆட்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு திறப்பதற்கு முன்னால், தனுஷ்கோடிக்கு ஜீப்பும் வேனும் கடல் ஓரத்து மணலில்தான் குலுங்கிக்கொண்டு போயின. மணல் அங்கேயும் மணல்தான். ஆனால் நம்ம கடற்கரை மணலில் ஈரம் இருக்கும். அபுதாபி பக்கம் லிவாவில் இருப்பது சர்க்கரை மாதிரி காய்ந்த மணல். பிடிமானமே கிடையாது.

அதில் டயர் மேலே மிதந்து போகவேண்டும். தோண்டக்கூடாது. மிதக்க வேண்டுமானால் டயர் தரையைத் தொடும் இடம் பெரிதாக இருக்கவேண்டும். அதற்குக் காற்றை இறக்கவேண்டும். 32, 33 பவுண்டில் இருக்கும் டயரை 15 பவுண்டு அளவுக்கு இறக்கிவிட்டால், டயர் தப்பட்டையாகி நீளவாக்கில் படுத்துக்கொள்ளும். ஒட்டகத்தின் பாதம் மாதிரி!

இப்போது முக்கியமான விஷயம். பெரிய பெரிய பட்டன் வைத்த 'மட் டெரெய்ன்' டயர்தான் பாலைவனத்துக்குக் கில்லாடி என்று பலர் நினைக்கிறார்கள். பார்க்கவும் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் அது சேற்றுக்குச் செய்தது. சேற்றில் அந்தப் பட்டன் கடித்துப் பிடிக்கும். காய்ந்த மணலில் அதே பட்டன் மண்வெட்டி மாதிரி வேலை செய்யும். ஆக்சிலேட்டரை மிதித்த மாத்திரத்தில் தனக்குத்தானே குழி தோண்டி, ஆக்சில் வரை இறங்கிவிடும். ஹைவேயில் 'ஊ...' என்று காதைக் கிழிக்கும் சத்தம் வேறு. மட் டயர்களில் நிறைய 'கியூ' முத்திரைதான். அதாவது 160-க்கு மேல் போகக்கூடாது. அபுதாபி ஹைவேயில் 140 சாதாரணம். 160-ஐத் தொட்டு ஓடினால் மிச்சம் என்ன இருக்கிறது?

மழைக்கும் அது ஆகாது. பாலைவனத்தில் மழையா என்று சிரிக்கவேண்டாம். 2024 ஏப்ரல் 16-ந்தேதி ஐக்கிய அரபு அமீரகத்தில் கொட்டிய பேய் மழையில் அல் அய்ன் பக்கம் ஒரே இடத்தில் 24 மணி நேரத்துக்குள் 254 மில்லி மீட்டர் பதிவானது. துபாய் ரோடெல்லாம் ஆறாக ஓடியது.

ஹைவே டயர் என்று சொல்லும் எச்.டி. டயர் எப்படி? ரோட்டில் அருமை. காற்றை இறக்கினால் மணலிலும் ஓரளவு ஓடும். ஆனால் பாலைவனம் முழுக்க மணல் இல்லை. மணல்மேட்டுக்கு நடுவே சரளைக்கல் தரை, ஓமன் பக்கம் போனால் கூர் கூராகப் பாறை. காற்று இறக்கிய டயரின் பக்கவாட்டு வெளியே பிதுங்கி நிற்கும். மெல்லிசான டயராக இருந்தால் கல் அதைக் கத்தி மாதிரி கிழித்துவிடும். பக்கவாட்டில் கிழிந்ததை எந்த பஞ்சர் கடையிலும் ஒட்டக்கூடாது. தூக்கிப் போடவேண்டியதுதான். ஏ.டி. டயருக்கு மவுசு வந்ததே இதனால்தான். பட்டன் நடுத்தரம், பக்கவாட்டு கொஞ்சம் கனம்.

ஏ.டி.யிலும் இரண்டு ஜாதி

இது கடைக்காரர் நிறையப் பேர் சொல்லமாட்டார்கள். அளவுக்கு முன்னால் 'எல்.டி.' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். லைட் டிரக் டயர் என்று அர்த்தம். உள்ளே அடுக்கு அதிகம், ரொம்ப முரடு. விலையும் அதிகம்.

'கனமா இருந்தா நல்லதுதானே' என்று வாங்கிவிடாதீர்கள். பைப், ஜெனரேட்டர் ஏற்றிக்கொண்டு கல்லுக்காட்டில் சைட்டுக்குப் போகும் கம்பெனி பிக்-அப்புக்கு எல்.டி. சரி. முதலாளி குடும்பத்தை வெள்ளிக்கிழமை மணல்மேட்டுக்கு அழைத்துப் போகும் பிராடோவுக்கு அது தேவையில்லாத செலவு. முரட்டு டயர் காற்றை இறக்கினாலும் லேசில் தப்பட்டையாகாது. மணலில் இன்னும் இறக்கவேண்டி வரும். ரோட்டிலோ அதே பாரத்தைத் தூக்க சாதாரண டயரைவிட அதிகக் காற்று கேட்கும். வண்டிக் கதவில் எழுதியிருக்கும் பழைய கணக்கையே எல்.டி. டயருக்கும் வைத்து ஓட்டினால், காற்று குறைந்த டயரில் ஓட்டுகிற மாதிரிதான்.

டயர் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

'265/65 ஆர் 17 112 எஸ்' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 265 மில்லி மீட்டர் அகலம். அதில் 65 சதவீதம் பக்கவாட்டு உயரம். 17 இஞ்ச் ரிம். இது எல்லோருக்கும் தெரியும். கடைசியில் இருக்கும் 112 எஸ்-ஐத்தான் யாரும் பார்ப்பதில்லை. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். எஸ் என்றால் 180 கிலோ மீட்டர் வேகம் வரை. டி என்றால் 190, எச் என்றால் 210. வண்டியோடு வந்த டயரில் என்ன இருந்ததோ, அதைவிடக் குறைந்த எண்ணையோ எழுத்தையோ வாங்கக்கூடாது. 'சைஸ் ஒண்ணுதான் பாய், போட்டுக்கலாம்' என்று சொன்னாலும் கேட்காதீர்கள்.

'டெம்பரேச்சர்' என்று எழுதி, பக்கத்தில் ஏ, பி, சி என்று ஒரு எழுத்து இருக்கும். சூட்டைத் தாங்கும் சக்திக்கு மார்க். பாலைவனத்துக்கு 'ஏ' பார்த்து வாங்குங்கள். எல்.டி. டயர்களில் பெரும்பாலும் இந்த மார்க் போட்டிருக்காது. மலைப் படத்துக்குள் பனிப்பூ வரைந்த முத்திரை சில ஏ.டி. டயரில் இருக்கும். அது பனி கொட்டும் நாட்டுக்கு. அதற்காக ரியாத்தில் இருப்பவர் கூடுதல் பணம் கொடுக்கவேண்டாம்!

எல்லாவற்றையும்விட பெரிய சமாசாரம் தேதி. 'டி.ஓ.டி.' என்று தொடங்கும் வரிசையில் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஓடாமல் சும்மா வைத்திருந்தாலும் ரப்பர் கிழடாகும். வெயில் நாட்டில் இன்னும் சீக்கிரம். பட்டன் புதுசு மாதிரி இருக்கும், உள்ளே செத்துப்போயிருக்கும்.

அமீரகத்தில் 5 வருஷம் தாண்டிய டயர் ரோட்டில் ஓடக்கூடாது. 2017-ல் வந்த விதிப்படி கெட்டுப்போன டயரில் ஓட்டினால் 500 திர்ஹாம் அபராதம், லைசென்சில் 4 கறுப்புப் புள்ளி, வண்டி ஒரு வாரம் போலீஸ் காவலில். 24 புள்ளி சேர்ந்தால் லைசென்சே போச்சு. டிரைவர் விசாவில் போனவருக்கு லைசென்ஸ் போனால் வேலை என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

செகண்ட் ஹேண்ட் டயர் பாதி விலைக்குக் கிடைக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள். முன்னால் ஓட்டியவர் காற்று இறக்கிய டயரில் எத்தனை கிலோ மீட்டர் பறந்தார் என்பது டயரில் எழுதியிருக்காது.

சாயங்காலம்தான் எமன் வருகிறான்

நல்ல டயர் வாங்கியாச்சு. தேதியும் பார்த்தாச்சு. 15 பவுண்டுக்கு இறக்கி மணலில் ஜோராக ஓட்டியாச்சு. இருட்டப் போகிறது, எல்லோரும் களைத்துப் போயிருக்கிறார்கள். தார் ரோடு தெரிகிறது. 'பெட்ரோல் பங்க்ல காத்து வெச்சுக்கலாம், 20 கிலோ மீட்டர்தானே' என்று ரோட்டில் ஏற்றி 100-ல் அழுத்துகிறார்கள்.

பயர்ஸ்டோன் விவகாரத்தில் சண்டை நாலு பவுண்டுக்கு. இங்கே குறைந்திருப்பது பாதிக்கும் மேல்! அன்றைக்கே வெடிக்காமல் போகலாம். உள்ளே கம்பி விட்டுப்போயிருக்கும். அடுத்த வாரம் ஏர்போர்ட் போகும்போது வெடிக்கும். ஏன் வெடித்தது என்று யாருக்கும் புரியாது.

அதனால் தார் ரோட்டில் ஏறும் இடத்திலேயே காற்று அடிக்கவேண்டும். 12 வோல்ட் சின்ன கம்பரசர் ஒன்று வண்டியில் இருக்கட்டும். சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகும் ரகம் வேண்டாம். பெரிய டயருக்கு மூச்சு வாங்கும், பியூசும் போகும். நேராக பேட்டரியில் கிளிப் மாட்டும் ரகம் வாங்குங்கள். நாலு டயருக்கும் அடிக்க அரை மணி நேரம்கூட ஆகலாம். டீ குடியுங்கள். கம்பரசர் மக்கர் செய்தால், பங்க் வரை ஓரமாக 30, 40-க்கு மேல் போகாமல் உருட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். எவன் ஹாரன் அடித்தாலும் கண்டுகொள்ளாதீர்கள்.

மணலில் இருக்கும்போதும் ஒரு எச்சரிக்கை. 15-ல் போகாமல் புதைந்துவிட்டால் 12 வரை இறக்கலாம். அதற்குக் கீழே இறக்கி ஸ்டியரிங்கைச் சடாரென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டே கழன்றுகொள்ளும். மணல்மேட்டின் சரிவில் அப்படிக் கழன்றால் வண்டி உருண்டுவிடும்.

எத்தனை பவுண்டு வைப்பது?

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் போட்டிருப்பதுதான் கணக்கு. டயர் மேலே 44, 51 என்று எழுதியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம். அதைப் பார்த்து அடைத்துவிடக்கூடாது.

காலையில் வண்டி எடுப்பதற்கு முன் அளக்கவேண்டும். ஓடிய டயரில் சூட்டினால் நாலைந்து பவுண்டு தானாகவே ஏறியிருக்கும். 'ஐயய்யோ, 38 காட்டுதே' என்று பாதி வழியில் காற்றைப் பிடுங்கி விடுகிறவர்கள் உண்டு. டயர் ஆறினதும் அது 28-க்கு வந்து நிற்கும். மறுபடியும் அதே சூடு, அதே ஆபத்து. பாலைவனத்திலிருந்து வந்து அடிக்கும்போது டயர் சூடாக இருக்கும் என்பதால் ஸ்டிக்கர் கணக்குக்கு மேலே இரண்டு மூன்று பவுண்டு சேர்த்து அடித்து, மறுநாள் காலையில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நைட்ரஜன் அடித்தால் டயர் வெடிக்காது என்று காசு கேட்பார்கள். நாம் மூச்சு விடும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் அடித்துவிட்டு மாதக்கணக்கில் அளக்காமல் விடுவதற்கு, வாரம் ஒரு தடவை சாதாரணக் காற்றை அளப்பது எவ்வளவோ மேல்.

ஸ்டெப்னியை மறக்காதீங்க

வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி ஒரு கிலோ மீட்டர்கூட ஓடியிருக்காது. பார்க்கப் பளபள. ஆனால் வருஷக்கணக்கில் ரோட்டுச் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும். அதன் தேதியையும் படுத்துப் பாருங்கள். நாலு டயரும் மாற்றும்போது அதே அளவில் ஐந்தாவதாக இதையும் மாற்றச் சொல்லுங்கள்.

சவுதியில் இருந்து ஓமனுக்குப் பாலைவனத்தின் நடுவே போடப்பட்ட ரோடு 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. மொத்தம் 700 கிலோ மீட்டருக்கு மேல். உலகத்திலேயே பெரிய மணல் காடான ரூப் அல் காலி வழியாகப் போகிறது. அந்த ரோட்டில் டயர் போனால் உதவிக்கு ஆள் வர எத்தனை நேரமாகுமோ! நம்பி நிற்பது அந்த ஸ்டெப்னியைத்தான்.

முதலாளி டயர் மாற்ற மறுத்தால்? சண்டை போடவேண்டாம். டயரில் உள்ள அந்த நாலு எண்ணை செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்-அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு அது உங்கள் கையில் ஆதாரமாக இருக்கும். சவுதியில் டயரை 'கஃபர்' என்றுதான் சொல்வார்கள். பஞ்சர் கடைக்குப் பெயர் 'பன்ஷர்'. படத்துக்குக் கீழே 'கஃபர் கதீம்' என்று ஒரு வார்த்தை போடுங்கள். பழைய டயர் என்று அவருக்குப் புரிந்துவிடும்.